கூதிரும் கொமுட்டரும்: பத்துமலைப் பயணம் குறித்த ஒரு திணை ஆய்வு

தமிழ் இலக்கணத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது சிலாங்கூர் மாநிலம் கோம்பாக் மாவட்டத்தில் விழுந்திருக்கிறது. உரையாசிரியர்கள் இதைக் கவனிக்காமல் விட்டார்களே என்று குறைபட்டுப் பயனில்லை. இளம்பூரணரோ நச்சினார்க்கினியரோ கோலாலம்பூர்ப் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை.

சிக்கல் இதுதான். ஒரு நிலம் குறிஞ்சி என்று பெயர் பெற முதற்பொருள் இரண்டும் பொருந்த வேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. ஒன்று இடம், மலையும் மலை சார்ந்த இடமும். மற்றது பொழுது, கூதிரும் முன்பனியும், அதாவது ஐப்பசி பிறந்து தை முடியும் வரை. சிறுபொழுது யாமம். தெய்வம் சேயோன். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பத்துமலை அடிவாரத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால், மலை இருக்கிறது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டு வயதான சுண்ணாம்புக்கல் குன்று. சேயோன் இருக்கிறார், 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட சிலையாக, 42.7 மீட்டர் உயரத்தில், 300 லிட்டர் தங்கச் சாயம் பூசிக்கொண்டு. குறிஞ்சிக்குரிய கருப்பொருளில் குரங்கு இருக்கிறது, தேவைக்கு மேலேயே இருக்கிறது. யாமமும் உண்டு, தைப்பூசத்தையொட்டிய இரவில் ஜாலான் துன் எச். எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பி இருளில்தான் இங்கே நடக்கத் தொடங்குகிறது.

குறைவது குளிர் ஒன்றுதான்.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் உட்கார்ந்திருக்கிறது. மார்கழியாக இருந்தாலும் ஆனியாக இருந்தாலும் பகலில் 32 பாகை வெப்பம், இரவில் 24. இந்த ஊரில் முன்பனி என்று ஒன்று எப்போது வந்தது, எப்போது போனது? ஆகவே, இலக்கணம் கற்ற ஒருவர் எழுந்து நின்று ‘பத்துமலை குறிஞ்சியே அல்ல, வெறும் குன்று’ என்று வாதாடினால் அவரை உட்கார வைக்க வழியில்லை. 1890-களின் தொடக்கத்தில் தம்புசாமிப் பிள்ளை குகையில் முருகனை எழுந்தருளச் செய்தபோதும் இந்தக் குறை இருந்தது. 1892-இல் தைப்பூசம் தொடங்கியபோதும் இருந்தது. பக்தர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை என்பது அவர்களுடைய பெருந்தன்மை.

குறை தீர்ந்தது 2010 ஜூலையில். செந்தூலோடு நின்றுவிட்டிருந்த கொமுட்டர் மின்ரயில் அந்த மாதம்தான் பத்துமலை வரை நீண்டது. இக்கட்டுரை நிறுவ முற்படுவது இவ்வளவே: மலேசியத் தமிழனுக்குக் குளிர்காலம் நாட்காட்டியில் இல்லை, அது ஆறு பெட்டி கொண்ட ஒரு வண்டியில் வருகிறது.

ஆய்வுக் களமாகச் சுபாங் ஜெயா தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு ஆய்வாளரின் வீடு அங்கிருப்பது மட்டும் காரணம் அன்று. இது சீஃபீல்டு தோட்டத்தின்மேல் 1976-இல் எழத் தொடங்கிய ஊர். தோட்டமாக இருந்த காலத்தில் இங்கே குளிர் இருந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு பால்மரம் சீவப் போனவர்களுக்கு அது தெரியும். ஆனால் அது சம்பளக் குளிர். விடுமுறைக் குளிர் என்ற சரக்கை அந்தத் தலைமுறை கண்டதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று வீட்டு ஏர்கோனிலிருந்து அலுவலக ஏர்கோனுக்கும், அங்கிருந்து சுபாங் பரேட் பேரங்காடி ஏர்கோனுக்கும் மாறி மாறிக் குடிபெயர்கிறார்கள். டிசம்பர் பள்ளி லீவு வந்ததும், கைப்பேசியில் சுவிட்சர்லாந்துப் பனிமலை ரயில் படங்கள் ஓட ஆரம்பிக்கின்றன. ‘நாமும் எங்கேயாவது குளிருக்கு ரயிலில் போகலாமே’ என்ற ஏக்கம் வீட்டுக்கு வீடு எழுகிறது. அந்த ஏக்கத்துக்கு அறிவியல் முறையில் பதில் சொல்வது ஆய்வாளனின் கடமை.

மாற்றுக் கொள்கையாளர்கள் உண்டு. அவர்களை முதலில் அனுப்பிவிடுவோம்.

கேமரன் மலைக் கொள்கையினர் வலுவானவர்கள். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு சொன்ன மேட்டுநிலம், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், தேயிலை, ஸ்ட்ராபெர்ரி, இரவில் நிஜமாகவே போர்வை தேடும் குளிர். எல்லாம் சரி. ரயில் எங்கே? தாப்பாவிலிருந்து மேலே ஏறும் சாலையின் வளைவுகளில் பின்னிருக்கைப் பிள்ளைகள் படும் பாட்டை ‘நிதானமான சுற்றுலா’ என்று எந்த அகராதியும் ஏற்காது. கெந்திங் கொள்கையினர் கம்பிவட வண்டியைக் காட்டுவார்கள். தொங்குவது ரயில் ஆகாது. பினாங்குக் கொடிமலைக் கொள்கையினர் தந்திரசாலிகள். 1923 முதல் தண்டவாளத்தில் மலையேறும் வண்டி தங்களிடம் இருப்பதாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் வடம் கட்டி மேலே இழுக்கப்படும் ஒன்றைப் பயணம் என்பதா, கிணற்று வாளியின் வேலை என்பதா என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

மதிப்போடு விலக்க வேண்டியது நீலகிரி மலை ரயில் ஒன்றைத்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், 1899-இல் குன்னூர் வரை, 1908-இல் உதகை வரை, பல்சக்கரம் கடித்துக் கடித்து ஏறும் வண்டி. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. ரயிலும் மலையும் குளிரும் அங்கே ஒருங்கே அமைந்திருக்கின்றன. ஆனால் நுட்பமாகப் பாருங்கள். அங்கே ரயில் குளிரைத் தேடிப் போகிறது. நம்முடைய ரயிலோ குளிரைத் தன்னோடு கொண்டுவந்து இறக்குகிறது. பிந்தையது பெரிய சாதனை. மேலும் சுபாங் ஜெயாவிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் செலவுக்கு இந்த ஆய்வின் நல்கை இடம் தரவில்லை. நல்கையை வழங்கியவர் ஆய்வாளரின் மனைவி.

இனிப் பயணம். வண்டி கிள்ளான் துறைமுகத்தில், கடலோரத்தில், நெய்தல் நிலத்தில் பிறந்து வருகிறது என்பதை ஒரு வரியில் பதிவு செய்துவிட்டு நகர்வோம். ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோக 1886-இல் போட்ட பாதையின் வழி அது. சுபாங் ஜெயா நடைமேடைக்கு வரும்போது முல்லை தொடங்கிவிடுகிறது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். பெரும்பொழுது கார். டிசம்பரில் சுபாங் ஜெயா நடைமேடையில் நிற்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கூரை விளிம்பிலிருந்து மழை கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருக்கும். எதிர்த் தண்டவாளத்தில் சரக்கு வண்டி ஒன்று கொள்கலன்களோடு அவசரமே இல்லாமல் போகும். (2021 டிசம்பர் 18-ஆம் தேதிப் பெருமழையையும், அதில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதையும் மறக்காதவர்கள், கார்காலத்தை இதற்கு மேல் கேலி செய்ய மாட்டார்கள்.) முல்லைக்குரிய சிறுபொழுதாகிய மாலை மட்டும் இங்கே ஒத்துவரவில்லை. காலை 8 மணிக்குக் கிளம்புவதாகத் தீர்மானித்த குடும்பங்கள் பத்தரைக்குத்தான் நடைமேடையில் காணப்படுகின்றன. இலக்கணம் அவர்களுக்காக மாலை வரை காத்திருக்காது.

கதவு திறக்கிறது. ஆய்வின் இதயப் பகுதிக்கு வந்துவிட்டோம்.

உள்ளே காலெடுத்து வைத்ததும் முதலில் உணர்வது முழங்காலுக்குக் கீழே. பிறகு காது மடல். நின்ற இடத்தைப் பொறுத்துப் பருவம் மாறும் என்பது அடுத்துத் தெரியவரும். கதவோரம் இளவேனில், ஒவ்வொரு நிலையத்திலும் வெளிக்காற்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இருக்கை வரிசையின் நடுவில் கூதிர். மேற்கூரையில் காற்று வரும் நீளப் பிளவுக்கு நேர் கீழே முன்பனி. பழக்கப்பட்ட பயணிகள் காலியாகக் கிடக்கும் இருக்கையைக் கண்டதும் ஓடிப் போய் உட்கார மாட்டார்கள். அண்ணாந்து பார்ப்பார்கள். 2012-இல் ஓடத் தொடங்கிய இந்தச் சீன வண்டிகளுக்குப் பெட்டிகள் ஆறு. தமிழுக்குப் பெரும்பொழுதும் ஆறு. இது தற்செயல் என்று ஆய்வாளர் நம்பவில்லை.

சான்றுகள் உடையில் கிடைக்கின்றன. பாத்தேக் சட்டை போட்ட பெரியவர் ஒருவர், கழுத்து வியர்வை துடைக்கக் கொண்டுவந்த குட்மார்னிங் துண்டைத் தலைக்கு முண்டாசாகக் கட்டிக்கொள்கிறார். கல்லூரிப் பெண் தன் மேலாடையின் கைகளை விரல் நுனிவரை இழுத்து மூடுகிறாள். நடுவிலிருக்கும் பெண்கள் பெட்டியில் (2010 முதல் உள்ள ஏற்பாடு, தெரியாமல் ஏறிவிட்டு, ரோஜா நிறத்தைக் கண்டு திகைக்கும் ஆண்களுக்கு அங்கே தனிக் குளிர்) கைப்பிள்ளையோடு ஏறிய ஓர் இளம் தாயிடம் எதிர் இருக்கைப் பாட்டி கேட்டது அப்படியே குறித்துவைக்கத் தக்கது:

“ஏம்மா, பிள்ளைக்குக் குல்லா போடலியா?”

“வெயில் அடிக்குதேன்னு போடல பாட்டி.”

“வெயில் வெளியில அடிக்குது. நீ எங்க உட்கார்ந்திருக்க?”

பருவம் என்பது இடத்தைப் பொறுத்தது என்ற கருத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தச் சூத்திரமும் சொன்னதில்லை.

சன்னல் கண்ணாடியைக் கவனிக்காத ஆய்வு முழுமை பெறாது. குளிர்நாடுகளில் பனி கண்ணாடியின் உட்புறத்தில் படியும். பிள்ளைகள் அதில் விரலால் படம் போடுவார்கள். கொமுட்டரில் வெளிப்புறத்தில் படிகிறது. காரணம் எளியது. நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. அதன் பனிப்புள்ளி ஏறத்தாழ 24 பாகை. கண்ணாடி அதைவிடக் குளிர்ந்துவிட்டால் வெளிக்காற்று அதன்மேல் பனித்துத்தான் ஆக வேண்டும். ஆக, முன்பனி என்பது இந்த மண்ணில் நடக்கவே நடக்காத ஒன்று என்று சொல்லிவந்தவர்கள் தவறான இடத்தில் தேடியிருக்கிறார்கள். அது மரத்திலும் புல்லிலும் இல்லை, மழையில் நனைந்த ரயில் பெட்டியின் புறத்தே இருக்கிறது. உள்ளிருக்கும் பிள்ளை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஏன் அழியவில்லை என்று அம்மாவைக் கேட்கிறான். அம்மாவுக்கும் தெரியவில்லை. பெட்டிக்குள் உண்ணக்கூடாது என்ற படத்துக்குக் கீழே உட்கார்ந்து, பைக்குள் கைவிட்டு முறுக்கைச் சத்தமில்லாமல் உடைப்பதில் அவர் கவனமாக இருக்கிறார்.

ஏறக்குறைய அரை மணியில் கேஎல் சென்ட்ரல். இங்கே வண்டி மாற வேண்டும். நாம் வந்த வண்டி தஞ்சோங் மாலிம் பக்கம் போய்விடும், பத்துமலை வண்டி தனி. இந்த இடம் மருதம் என்பதில் ஐயமே இல்லை. மருதம் வயல் சார்ந்த நிலம்; இங்கே வயல் இல்லாவிட்டால் என்ன, உரிப்பொருள் ஊடல். நடைமேடை எது என்று கேட்டு முடிப்பதற்குள் ஊடல் மூண்டுவிடுகிறது.

“நான் அப்பவே சொன்னேன், காடியில போலாம்னு.”

“காடியில போனா பார்க்கிங் தேடியே உங்களுக்கு உசிர் போகும். போன தடவை யாரு கத்துனது?”

“அது வேற, இது வேற.”

“மேல போணுமா கீழ போணுமா, அத மொதல்ல கேளுங்க.”

தலைவன் யாரையும் கேட்க மாட்டான். தலைவனின் இயல்பு அது. மருதத்தில் தலைவனை வழிதவறச் செய்யப் பரத்தையர் சேரி ஒன்று இருக்க வேண்டும் என்பது மரபு. அந்த இடத்தில் இப்போது என்யூ சென்ட்ரல் பேரங்காடி இருக்கிறது. அதைக் கடந்து சாலையில் இறங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ். வாழையிலைச் சாப்பாட்டு வாசனையும் பூமாலைக் கடையும் வடைச் சட்டியும் ஒரே வீச்சில் வந்து மோதும். ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்களின் குடியிருப்பாக வளர்ந்த பேட்டை இது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக்களும் நிலைய அதிகாரிகளும் வாழ்ந்த தெருக்கள். ‘ரெண்டு வடை மட்டும் சாப்பிட்டுட்டு வந்துடுறேன்’ என்று போன தலைவர்கள் பலர் அன்றைக்குப் பத்துமலையைப் பார்க்கவில்லை. பயணம் இங்கேயே முடிந்த குடும்பங்களை ஆய்வாளர் தம் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்களுக்கும் அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

தப்பி வண்டியேறியவர்களுக்கு அடுத்து வருவது 1910-இல் கட்டி முடித்த பழைய கோலாலம்பூர் நிலையம். கட்டடக்கலைஞர் ஹப்பக் வரைந்த வெள்ளைக் குமிழ் மாடங்கள், கீழே ஏறக்குறைய யாருமில்லாத நடைமேடை. பிறகு பேங்க் நெகாரா, புத்ரா, செந்தூல். செந்தூலில் ரயில் பட்டறையும் அதில் தேய்ந்த தமிழ்க் கைகளும் தனிக் கட்டுரைக்கு உரியவை. அதற்குப் பின் பத்து கெண்டோன்மென், கம்போங் பத்து, தாமான் வாயூ. வலப்பக்கமோ இடப்பக்கமோ திடீரென்று வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் ஒன்று எழும்பும்போது, தூங்கிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கதவு திறந்ததும் நடப்பதுதான் இந்த ஆய்வின் மிகச் சிறந்த சான்று. மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் அனைவரும் ஒரே நொடியில் குருடாகிறார்கள். வெளுப்பு, வெறும் வெளுப்பு. நிலையத்தை ஒட்டி நிற்கும் 15 மீட்டர் பச்சை அனுமாரும் தெரிவதில்லை. நடைமேடையில் வரிசையாக நின்று சட்டை நுனியால் கண்ணாடி துடைக்கும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தால், பனிப்புயலில் அகப்பட்ட பயணிகள் என்றே எவரும் சொல்லுவார். கண் நன்றாகத் தெரிபவர்களுக்கு இந்தப் பனிப்பொழிவு கிடைப்பதில்லை. இயற்கையின் ஓரவஞ்சனை.

இதோடு முதற்பொருள் முழுமை பெற்றது. ரயில் கொண்டுவந்த பொழுதை மலையின் கணக்கில் வரவு வைக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். வைக்கலாம். ஒரு நிலம் இன்னொரு நிலத்தோடு கலக்காது, மற்றவை மயங்குவதற்குத் தடையில்லை என்று திணைமயக்கத்துக்குத் தொல்காப்பியரே இடம் விட்டிருக்கிறார். கொமுட்டர் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றாலும், ஏதோ வரப்போகிறது என்று உணர்ந்திருக்க வேண்டும்.

மணி பன்னிரண்டு ஆகிவிட்டதால் நிலையத்துக்கும் படிக்கட்டுக்கும் இடைப்பட்ட வெளி பாலை. நண்பகல், வேனில், பிரிதல். பாட்டி இளநீர்க் கடையில் பிரிகிறார். தலைவன் கழிப்பறை தேடிப் பிரிகிறான். பிள்ளைகள் 272 படிகளையும் ஓடியே ஏறுவதாகச் சவால் விட்டுப் பிரிகிறார்கள்; 2018-இல் வண்ணம் பூசிய பிறகு, ஒவ்வொரு நிறத்துக்கும் நின்று படம் எடுக்க வேண்டியிருப்பதால், ஓட முடிவதில்லை. நெகிழிப் பையோடு ஏறுபவர்களைக் குரங்கு பிரிக்கிறது, பையிலிருந்து.

குகைக்குள் கூரை ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கரைத்து, எவருடைய கைம்மாறும் எதிர்பாராமல் கட்டிய மண்டபம். மேலே வாய் திறந்த இடத்திலிருந்து வெளிச்சம் சாய்வாக விழும். சொட்டுச் சொட்டாக நீரும் விழும். குறிஞ்சிக்குரிய அருவி என்று தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம். 1878-இல் ஹார்னடே என்ற அமெரிக்க இயற்கையியலர் வந்து பார்த்து வெளியுலகுக்குச் சொல்லும் முன்பே தெமுவான் மக்கள் இதை அறிந்திருந்தார்கள். சீனத் தோட்டக்காரர்கள் வௌவால் எச்சத்தை உரத்துக்கு அள்ளிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து இருட்டுக் குகையில் லிஃபிஸ்டியஸ் பட்டுயென்சிஸ் என்ற மிகப் பழைய மரபைச் சேர்ந்த சிலந்தி வாழ்கிறது. 2019-இல் அந்தக் குகையை மூடிவிட்டதால் அது நிம்மதியாகவே இருக்கும்.

‘குகைக்குள்ளேயே குளுமை இருக்கிறதே, ரயில் எதற்கு?’ என்பார் உண்டு. குகைக்குள் நுழைபவர் ‘அப்பாடா’ என்கிறார். ரயிலுக்குள் நுழைபவர் ‘ஐயோ’ என்கிறார். பருவத்துக்கு அடையாளம் இரண்டாவது சொல்.

காடியில் வருவோரின் வாதம் இதைவிடக் கூர்மையானது. எங்கள் காடியிலும் ஏர்கோன் உண்டு, ஆகவே நாங்களும் குளிர்காலத்தில்தான் வந்தோம் என்கிறார்கள். இதை ஏற்பதற்கில்லை. காடி ஏர்கோனுக்குத் திருகு இருக்கிறது. அது உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கூடுதல் குளிர் என்றால் குறைத்துக்கொள்கிறீர்கள். கொமுட்டரில் யாரிடம் போய்க் குறைக்கச் சொல்வது? கைவைத்து மாற்ற முடிந்தால் அது சாதனம்; போர்வையைத் தேட வைத்தால்தான் பருவம். சாலை வழியே வந்தவர்கள் ஓர் அழகான குன்றைப் பார்த்திருக்கிறார்கள், முருகனையும் கும்பிட்டிருக்கிறார்கள். குறிஞ்சிக்கு மட்டும் அவர்கள் இன்னும் போகவில்லை.

இந்த லீவில் போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். கைப்பிள்ளைக்குக் குல்லா, பெரியவர்களுக்குச் சால்வை. இரண்டும் கீழே இறங்கியதும் மடித்துப் பைக்குள் போய்விடும், பையைக் குரங்குக்குக் காட்ட வேண்டாம். தைப்பூசத்துக்குக் கூடுதல் வண்டிகள் ஓடும், கூட்டமும் அதற்கேற்பத் திரளும்; கூட்டத்தில் ஏர்கோன் எடுபடாது, ஆகவே குளிரை விரும்பி வருபவர்கள் டிசம்பரில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போங்கள். கேஎல் சென்ட்ரலில் நடைமேடையை வாய்விட்டுக் கேளுங்கள். அதற்குப் பிறகு தாராளமாகத் தூங்கலாம். பத்துமலைதான் கடைசி நிலையம்.